சாவி யாரிடம் இருந்தது? அலுவலகமாகிவிட்ட அரண்மனைக்கு வரலாறு எழுதும் வழி

தஞ்சாவூர் அரண்மனையின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் 1855-ல் வந்து நின்றுவிடும். செவ்வப்ப நாயக்கரில் தொடங்கி இரண்டாம் சிவாஜி வரை மன்னர் வரிசை, பிறகு ஒரே தாவலில் இன்றைய நுழைவுச்சீட்டு கவுண்ட்டர். இடையில் கிடக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் யார் இருந்தார்கள், எந்தக் கூடம் எந்தத் துறைக்குப் போனது, எந்த வாசலை எப்போது அடைத்தார்கள் என்பது எழுதப்படாமலே போய்விடுகிறது. அரண்மனைகளுக்கு மன்னர் வரலாறு போதுமான அளவு இருக்கிறது. அலுவலக வரலாறுதான் இல்லை.

காவிரி டெல்டாவில் இப்படிக் கைமாறிய கட்டடங்கள் ஒன்றிரண்டல்ல. திருச்சியில் நாயக்கர் அரண்மனையின் தர்பார் மண்டபம் அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டை, அரண்மனை அல்ல என்றாலும், ஆங்கிலேயர் காலத்தில் பயணியர் மாளிகையாக இருந்து பிறகு தொல்லியல் துறையிடம் வந்தது. மராட்டிய அரசர்களின் சத்திரங்கள் பலவற்றில் பள்ளிகளும் விடுதிகளும் நடந்திருக்கின்றன. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: மன்னர் வரிசையை விட்டுவிட்டுச் சாவிக்கொத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும், ஒவ்வொரு காலத்திலும், சாவி யாரிடம் இருந்தது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் மற்றவை தாமே வந்து சேரும்.

அறைகளுக்கு எண் கொடுங்கள், பெயர் வேண்டாம்

முதல் நாள் வேலை வரைபடம். வளாகத்தைச் சுற்றி நடந்து, கூரை உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் போடுங்கள். முற்றங்களுக்குத் தனி வரிசை, வாசல்களுக்குத் தனி வரிசை. 'தர்பார்', 'அந்தப்புரம்' போன்ற பெயர்களை இந்தக் கட்டத்தில் வரைபடத்தில் ஏற்றக் கூடாது. பெயர் ஏறிவிட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகவே தெரியும்.

பெயர்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் திருச்சி மண்டபமே போதும். ஊரில் அது ராணி மங்கம்மாள் மகால். மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது 1689 முதல் 1706 வரை. மண்டபமோ அதற்கு முன்பே, மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கரோடு சேர்ந்தது. தஞ்சையிலும் இப்படித்தான். 'மராட்டா அரண்மனை' என்று பலகை சொல்லும் வளாகத்தின் அடித்தளம் நாயக்கர் காலத்தது. கூடகோபுரம் என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஆயுதசாலை என்பார். மாடமாளிகையை மணிகோபுரம் என்பாரும் உண்டு. பெயர்களைத் தனியாக ஒரு நோட்டில், யார் சொன்னது, எந்த ஆண்டு ஆவணத்தில் வருவது என்ற குறிப்போடு எழுதுங்கள். ஓர் அறைக்கு நான்கு பெயர் சேர்ந்தால் கவலைப்பட வேண்டாம். நான்கு பெயர் என்பது பெரும்பாலும் நான்கு காலம்.

அளக்கும்போது 30 மீட்டர் நாடா ஒன்று, 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, திசைகாட்டி, கெட்டியான அட்டை, பென்சில் இருந்தால் போதும். அறையின் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் கட்டாயம் அளக்க வேண்டும். பழைய கட்டடத்தில் அறைகள் நேர்ச்சதுரமாக இருப்பதில்லை. மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் மூன்றாவது அறையிலேயே படம் மூடாது. வெளிப்புற நீளத்தையும் தனியாக அளந்துகொள்ளுங்கள். உள்ளளவுகளையும் சுவர்த் தடிமன்களையும் கூட்டி வெளியளவோடு ஒப்பிட்டால், சில இடங்களில் மூன்றடி, நாலடி கணக்கில் வராமல் நிற்கும். அடைத்துவிட்ட படிக்கட்டோ, சுவருக்குள் ஓடும் நடையோ அங்கே இருக்க வாய்ப்புண்டு. அளவுத் தவறாகவும் இருக்கலாம்; மறுபடி அளந்துவிட்டு நம்புங்கள்.

தஞ்சையில் இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் 'கோட்டை' என்று வந்தால் எந்தக் கோட்டை? பெரிய கோயிலும் சிவகங்கைக் குளமும் இருப்பது சின்னக் கோட்டை. அரண்மனையும் நான்கு ராஜ வீதிகளும் இருப்பது பெரிய கோட்டை. இதைக் கவனிக்காமல் ஒன்றுக்கான பழுதுபார்ப்புச் செலவை மற்றதன் கணக்கில் எழுதிவிடுவது மிக எளிது.

கைமாறிய ஆண்டுகள்

அடுத்து ஒரு காலப் பட்டி. மன்னர்கள் முடிசூடிய ஆண்டுகள் இதில் வேண்டாம், கைமாறிய ஆண்டுகள் மட்டும். தஞ்சைக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்.

1673-ல் மதுரைப் படை தஞ்சையைப் பிடித்தது. விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். மூன்றே ஆண்டில், 1676 வாக்கில், ஏகோஜி கைக்கு வந்து மராட்டியர் ஆட்சி தொடங்கியது. 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு ஆற்காட்டு நவாப் பிடித்தார். 1776-ல் துளஜா மன்னருக்குத் திரும்பியது. இந்த மூன்று ஆண்டு இடைவெளியைப் பல குறிப்புகள் தாண்டிப் போய்விடும். அரண்மனைக்கு அது சிறிய காலமல்ல. வேற்றுப் படை உள்ளே இருந்த காலம் அது.

1799 ஒப்பந்தத்தில்தான் பலருக்குக் கால் வழுக்குகிறது. அவ்வாண்டு இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்தார். கோட்டை அவரிடமே இருந்தது. எனவே 'அன்றிலிருந்து அரண்மனை கலெக்டர் கச்சேரி ஆனது' என்று எழுதினால் தவறு. மாவட்டத் தலைமையிடம் முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1845-ல் டேனிஷ்காரர்களிடமிருந்து தரங்கம்பாடியை வாங்கிய பிறகு அங்கே போனது. 1860-களின் தொடக்கத்தில்தான் தஞ்சாவூருக்கு வந்தது. மாவட்டத்தை ஒருவர் ஆள, அரண்மனைச் சாவி இன்னொருவரிடம் இருந்த அரை நூற்றாண்டு இது. சரபோஜி மருத்துவம், அச்சுக்கூடம், நூல் சேகரிப்பு என்று இறங்கியது இந்தக் காலத்தில்தான். அறைகளின் பயன்பாடும் அதற்கேற்ப மாறியது.

1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். 1856 அக்டோபரில் கமிஷனர் ஃபோர்ப்ஸ் படையோடு வந்து அரண்மனையையும் அதிலிருந்த சொத்துகளையும் கைப்பற்றிச் சீல் வைத்தார். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்து, அன்று சென்னையில் இருந்த உச்சநீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 1859-ல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், இது அரசின் இறையாண்மைச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்துவிட்டது. வழக்கில் தோற்றும், 1862-ல் அரசாணை ஒன்றின் மூலம் சொத்துகள் ராணிகளிடம் திரும்பின. பிறகு அவர்களுக்குள்ளேயே பாகப் பிரிவினை வழக்குகள் வந்தன.

இந்த ஏழு ஆண்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள், இங்கே உட்காருங்கள். வளாகம் இன்று ஒரே கையில் இல்லாமல் துண்டு துண்டாக இருப்பதன் வேர் இங்கேதான். ஒரு பகுதி அரசிடம், ஒரு பகுதி குடும்பத்திடம், நூலகம் தனி அமைப்பாக, அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்கள் தனி ஏற்பாடாக நிற்கின்றன. வழக்கு என்றால் பட்டியல் இருக்கும். சொத்தைக் கைப்பற்றியவரும், திருப்பிக் கேட்டவரும், பங்கு பிரித்தவரும் ஜாபிதா போட்டிருப்பார்கள். எந்த அறையில் என்ன இருந்தது என்பதை அரசவைப் புகழ்ப்பாடல் சொல்லாது, ஜாபிதா சொல்லும்.

1918 அக்டோபர் 5-ல் சரசுவதி மகால் நூலகம் அரசாணையின் மூலம் பொதுவுடைமையானது. 1951-ல் கலைக்கூடம் தொடங்கியது. நாயக்கர் தர்பார் மண்டபமும் இந்திர மந்திரம், பூஜை மகால் போன்ற பகுதிகளும் சிலைகளுக்கு வீடாயின. 1983-ல் நூலகம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு அடிப்படை 1966-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் எச்சரிக்கை. தஞ்சையில் இரண்டு சரபோஜி (1712–1728, 1798–1832), இரண்டு துளஜா, இரண்டு ஏகோஜி. 1855-ல் இறந்த சிவாஜி வேறு, 1677-ல் தெற்கே படையெடுத்து வந்த சத்ரபதி சிவாஜி வேறு. எண் போடாமல் பெயர் எழுதினால் அந்தக் குறிப்பு யாருக்கும் பயன்படாது.

ஆண்டுக் கணக்கு

பழைய தாள்களில் கி.பி. ஆண்டு இருக்காது. மாற்றும் கணக்கைக் கைப்பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு): ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590 கூட்டுக, ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591. ஆக பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை.

சக ஆண்டு: 78 கூட்டுக, ஜனவரி முதல் ஆண்டு முடியும்வரை 79.

கலியாண்டு: 3101 கழிக்க, ஜனவரி முதல் சித்திரைக்கு முன்வரை 3100.

சுகுர் சன்: மராட்டிய ஆவணங்களில் வரும். 599 கூட்டுக, ஜனவரி முதல் ஆண்டு முடியும்வரை 600. இது ஹிஜ்ரி அல்ல. ஹிஜ்ரி என்று நினைத்து மாற்றினால் பல ஆண்டு தள்ளிப்போகும்.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுப் பிழைக்குத் தயாராக இருங்கள். ருத்ரோத்காரி என்பது 1803, 1863, 1923, 1983 எல்லாவற்றிலும் தொடங்கும். பெரிய கோயில் சுவரில் உள்ள நீண்ட மராத்திக் கல்வெட்டில் சக ஆண்டு 1725 என்றும் இருப்பதால் அதை 1803 என்று உறுதியாகச் சொல்கிறோம். உங்கள் தாளில் அப்படி இரண்டாவது கணக்கு இல்லையென்றால், தாளில் வரும் அதிகாரியின் பெயரையோ நாணயத்தையோ வைத்துச் சரிபாருங்கள்.

எந்தத் தாள் எங்கே

மராட்டியர் காலத்து அன்றாடக் கணக்குகள் மோடி எனும் பழைய மராத்தி எழுத்தில் இருக்கின்றன. சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் பிரிந்து கிடக்கின்றன. தமிழாக்கம் செய்யப்பட்டவை தொகுதிகளாக வந்திருப்பதால் முதலில் அவற்றைப் படித்துவிட்டே மூலத்துக்குப் போங்கள். மோடி தெரியாதவர் மூலத்தைப் புரட்டிப் பயனில்லை. தெரிந்தவருக்கும் நாளொன்றுக்குச் சில தாள்தான் நகரும். ஒரு நுணுக்கம்: 'கானா' என்று முடியும் சொற்கள் (கருவூலமான ஜாம்தார்கானா, ஆயுதசாலையான சிலேகானா போன்றவை) இடத்தையும் குறிக்கும், அந்தப் பொறுப்பைப் பார்த்த துறையையும் குறிக்கும். 'சிலேகானாவுக்குச் சம்பளம்' என்றால் ஆட்கள். 'சிலேகானாவுக்குச் சுண்ணாம்பு' என்றால் கட்டடம். வரைபடத்தில் ஏற்ற வேண்டியது இரண்டாவது வகையை மட்டுமே.

1799-க்குப் பிறகான ஆங்கிலத் தாள்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இடம். மாவட்ட ஆவணங்கள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், துறைவாரி அரசாணைகள் அங்கே உள்ளன. தேடும்போது எழுத்துக்கூட்டலை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். தஞ்சாவூர் 'டாஞ்சோர்' என்றும், காமாட்சி பாய் 'காமாச்சி பாயி சாஹபா' என்றும், சரபோஜி 'செர்ஃபோஜீ' என்றும் பதிவாகியிருக்கும். பிரிவி கவுன்சில் தீர்ப்பு மூர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகளின் 7-ஆம் தொகுதியில் இருக்கிறது. இந்தப் பெயரோடு சட்ட நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1883-ல் வந்த மாவட்டக் கையேடும் 1906 கெசட்டியரும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டும் எழுதியவரின் காலத்துக்கு மட்டும் நேர்ச்சாட்சி. நாயக்கர் காலத்தைப் பற்றி அவை சொல்வது கேட்டு எழுதியது. படம் வேண்டுமென்றால் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் ட்ரைப் 1858-ல் தஞ்சை வட்டாரத்தில் எடுத்தவற்றிலிருந்து தொடங்கலாம்.

அரசாணை கிடைத்தால் துறை, எண், நாள் மூன்றையும் சேர்த்தே குறியுங்கள். ஒரே எண் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வோர் ஆண்டும் வரும். தமிழ் ஆணைகளில் 'நிலை' என்றால் நிலைத்து வைக்கப்படும் ஆணை, 'வாலாயம்' என்றால் வழக்கமான சிறு ஆணை. கட்டட ஒப்படைப்பு பெரும்பாலும் முதல் வகையில் இருக்கும் என்றாலும், தற்காலிகமாக இரண்டு அறை கொடுத்தது இரண்டாவது வகையில் ஒளிந்திருக்கும். அந்தத் 'தற்காலிகம்' நாற்பது ஆண்டு நீண்டதெல்லாம் நம் ஊர் வழக்கம்தான்.

நிலத்துக்கு நகர நில அளவைப் பதிவேடு. வார்டு, பிளாக், நகரப் புலஎண் என்று வரிசை. பழைய புலஎண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பழைய ஆணையில் வரும் எண் இன்றைய எந்த மூலையைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. வில்லங்கச் சான்றுக்குப் பணம் கட்டி ஏமாற வேண்டாம். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். துறைக்குத் துறை ஒப்படைத்தது பெரும்பாலும் வராது.

நம் வேலைக்கு மிகவும் உதவுவதும் யாரும் தேடாததும் பொதுப்பணித் துறையின் பழுதுபார்ப்புக் காகிதங்கள்தான். எஸ்டிமேட்டில் 'தென்பக்கத்து வாசலை அடைத்து அலமாரி வைக்க', 'ஆவண அறைக்குக் கூரை மாற்ற' என்று வேலை வேலையாக எழுதியிருக்கும். சில சமயம் கைவரைபடமும் இணைந்திருக்கும். அறை அன்று என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் எஸ்டிமேட் போட்டதெல்லாம் நடந்திருக்காது. பணம் ஒதுக்காமல் கிடப்பில் போனவை நிறைய. எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் ஏறியதுதான் நடந்த வேலை. அது கிடைக்காவிட்டால், சுவரில் அந்த அடைப்பைக் கண்ணால் பார்த்த பிறகே 'அடைத்தார்கள்' என்று எழுதுங்கள். அதுவரை 'அடைக்கத் திட்டமிட்டார்கள்' போதும்.

நேரில் கேட்டுத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் வடிவத்தால்தான். 'இந்த அரண்மனை ஏன் அலுவலகமாக மாற்றப்பட்டது?' என்று கேட்டால், விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'இன்ன புலஎண்ணில் உள்ள கட்டடத்தைத் தங்கள் துறைக்கு ஒப்படைத்த ஆணையின் நகல். ஒப்படைப்பின்போது தயாரித்த பட்டியலின் நகல். கடைசியாக நடந்த மூன்று பழுதுபார்ப்புகளின் மதிப்பீட்டு நகல்' என்று தாளைக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, பிரிவு 6(3)-ன்படி அவர்கள் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

சுவரைப் படிப்பது

தொடங்கும் முன்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் சுரண்டுவது, குத்திப் பார்ப்பது, சாக்கட்டியால் எண் எழுதுவது எல்லாமே சட்டப்படி குற்றம். கண்ணும் டார்ச்சும் நாடாவும் மட்டும். காரை ஏற்கெனவே உதிர்ந்த இடத்தில் பாருங்கள். டெல்டாவில் அதற்குப் பஞ்சமில்லை.

செங்கல் அளவை ஒரே கல்லில் எடுக்கக் கூடாது. பத்துக் கல்லின் நீளம், அகலம், உயரம் அளந்து சராசரி போடுங்கள். கூடவே பத்து வரிசைக்கு எவ்வளவு உயரம் என்று சாந்தோடு சேர்த்து ஓர் அளவு. நாயக்கர், மராட்டியர் காலச் சுவர்களில் மெல்லிய, சிறிய கல், தடித்த சுண்ணாம்புச் சாந்து. 9 அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமுமான கல் ஆங்கிலேயர் கால வேலைக்கு அடையாளம். ஆனால் இடிந்த பழைய சுவரின் கல்லை எடுத்துப் புதுச் சுவர் வைப்பது எப்போதும் உண்டு. கல் பழையது, சாந்து சிமெண்ட் என்றால் சுவரின் வயதைச் சாந்துதான் சொல்லும்.

தடிமன் அதைவிடச் சீக்கிரம் பேசும். மூன்றடி, நாலடிச் சுவர்களுக்கு நடுவே நாலரை அங்குலத்தில் ஒரு தடுப்புச் சுவர் நின்றால், அது யாரோ ஒரு தலைமை எழுத்தருக்கு அறை வேண்டும் என்று கேட்டதன் விளைவு. பெரிய கூடத்தை இப்படி நான்காக வெட்டியிருந்தால், தடுப்பு மேலே கூரை வரை போகிறதா, வளைவின் அடியோடு நிற்கிறதா, வளைவின் சுதை வேலைப்பாட்டை மூடுகிறதா என்று பாருங்கள். வேலைப்பாடு தடுப்புக்குப் பின்னாலும் தொடர்ந்தால், தடுப்பு பிந்தியது. எது எதை மூடுகிறதோ அது பிந்தியது என்பதுதான் இங்கே உள்ள ஒரே இலக்கணம்.

அடைத்த வாசலைக் கண்டுபிடிக்க டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மாலை நேரம் நல்லது. வளைவு வடிவில் மெல்லிய விரிசலோ மேடோ நிழலாகத் தெரியும். பழைய சுவரும் அடைத்த பகுதியும் வெவ்வேறு அளவில் அசைவதால், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு மறுபடி வரும்.

கூரையில் மெட்ராஸ் டெரஸ் இருந்தால் தேக்கு உத்திரத்தின் மேல் 6 × 3 × 1 அங்குலச் சிறு கற்கள் குத்துவாக்கில், மூலைவிட்டமாக அடுக்கியிருக்கும்; அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு. மரத்துக்குப் பதில் இரும்பு உத்திரம் இருந்தால் அதன் பக்கவாட்டில் புடைப்பெழுத்து இருக்கிறதா பாருங்கள். டார்மன் லாங் என்ற ஆங்கில எஃகு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தக் கூரை 1880-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. சீமை ஓட்டில் பாசல் மிஷன் முத்திரை இருந்தால், அவர்களின் முதல் ஓட்டாலை மங்களூரில் 1865-ல் வந்தது என்பதால், அந்த ஓடு அதற்குப் பிந்தியது. கவனியுங்கள், ஓடுதான் பிந்தியது. சுவர் நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். ஓடு ஊர் ஊராகக் கைமாறும் பொருள்.

தரையை மறக்காதீர்கள். தூணின் அடிப்பீடம் பாதி புதைந்திருந்தால் தரை உயர்த்தப்பட்டிருக்கிறது. எத்தனை அங்குலம் என்பதைப் பக்கத்து முற்றத்தின் பழைய தளத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும்.

அலங்காரப் பாணியை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். ஆங்கிலேயர் கட்டிய இந்தோ-சாரசனிக் பாணி போல் இருக்கிறது, ஆகவே ஆங்கிலேயர் காலம் என்பது தஞ்சையில் எடுபடாது. கூர்வளைவும் சுதை இலைகளும் நாயக்கர் காலத்திலேயே இங்கே வந்துவிட்டன. அதே பாணியில் பிறகும் கட்டினார்கள், பூசினார்கள்.

கடைசியாக உப்பு. சுவரின் அடியில் ஓர் உயரம் வரை காரை பூத்து உதிர்ந்து, அதற்கு மேலே நன்றாக இருந்தால், அடியில் சிமெண்ட் பூச்சு எவ்வளவு உயரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிலத்தடி ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறிக் காற்றில் ஆறிவிடும். சிமெண்ட் பூசினால் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சின் விளிம்புக்கு மேல் உப்பைக் கக்கும். அந்த விளிம்பு ஒரு பழுதுபார்ப்பின் தடயம். எஸ்டிமேட் காகிதத்தோடு ஒத்துப்போனால் அதற்கு ஆண்டும் கிடைத்துவிடும்.

ஓய்வுபெற்றவர்களிடம் கேட்பது

பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் ஆகியோருக்குத் தெரிந்தது அதிகாரிகளுக்குத் தெரியாது. அதிகாரி மூன்று ஆண்டில் மாறுவார். பதிவறைக்காரர் முப்பது ஆண்டு அதே அறையில் இருந்திருப்பார். 'எந்த ஆண்டு மாற்றினார்கள்?' என்று கேட்காதீர்கள். யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் மரியாதைக்கு ஒரு ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். முன்னா பின்னா என்று கேளுங்கள். 1952 புயலுக்கு முன்னாலா? 1977 புயலுக்கா? தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்த 1981-க்கா? நாகை மாவட்டம் பிரிந்த 1991-க்கா? உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995 ஜனவரிக்கா? கஜா புயலுக்கா? இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே பூட்டிவிட்டால் காகிதத்தில் தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடும்.

அவரை வளாகத்துக்கு அழைத்துவந்து நடக்கவைத்துக் கேட்பது இன்னும் நல்லது. மேசை எங்கே இருந்தது, பீரோ எங்கே, மழை எங்கே ஒழுகும், எந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று கால்கள் நினைவுபடுத்தும். பேய்க் கதையும் சுரங்கப்பாதைக் கதையும் கட்டாயம் வரும். வெட்டாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'இங்கேயிருந்து பெரிய கோயிலுக்குச் சுரங்கம்' என்று காட்டும் இடத்தில் பெரும்பாலும் அடைத்த வாசலோ வடிகாலோ இருக்கும். கதையை நம்ப வேண்டாம். காட்டிய இடத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஒட்டுவது

இப்போது ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் அறை எண்கள், மேலே கைமாறிய ஆண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் சாவி யாரிடம், பயன் என்ன, சாட்சி எது என்று மூன்று வரி. சாட்சிக்கு ஓர் எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்: தாளில் கண்டது 'த', சுவரில் கண்டது 'சு', வாய்மொழி 'வா'. 'வா' மட்டும் உள்ள கட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள். 'த'வும் 'சு'வும் சேர்ந்த கட்டத்துக்கு மை.

தாளும் சுவரும் முரண்பட்டால் அவசரப்பட்டு ஒன்றைத் தள்ள வேண்டாம். பெரும்பாலும் தாள் பேசுவது வேறு அறையைப் பற்றி. புலஎண்ணோ திசையோ மாறியிருக்கும். திறப்பு விழாக் கல்லை நம்பிக் கட்டடத்துக்கு வயது போடுவது இன்னொரு பழைய தவறு. அந்தக் கல் திறந்த நாளைச் சொல்கிறது, கட்டிய நாளை அல்ல. பல இடங்களில் வெள்ளையடித்த நாளைத்தான்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரி:

அறை 14. தெற்கு முற்றத்தின் மேற்கு. 1855 வரை: அரண்மனைப் பண்டகம் (த: ஜாபிதா). 1856–1862: சீல் வைக்கப்பட்டது (த). 1862–1918: ― . 1918க்குப் பின்: அலுவலகப் பதிவறை, வடக்கு வாசல் அடைப்பு (த, சு). 1977க்கும் 1991க்கும் இடையே: தடுப்புச் சுவர் இரண்டு, நாலரை அங்குலம் (சு, வா). இன்று: பூட்டியுள்ளது, சாவி காவலரிடம்.

நடுவில் வெறும் கோடு மட்டும் போட்ட அந்த இடத்தை நிரப்பும் ஆசை வரும். நிரப்பாமல் அச்சுக்குக் கொடுங்கள். அடுத்து வருபவர் தேட வேண்டிய ஆண்டுகள் எவை என்பதை அந்த வெற்றிடம்தான் அவருக்குக் காட்டும். வரைபடத்தின் ஒரு நகலை அந்த அலுவலகத்தின் பதிவறைக்கும், ஒன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். புகைப்படங்களின் கோப்புப் பெயரில் அறை எண், பார்க்கும் திசை, எடுத்த நாள் மூன்றும் இருக்கட்டும்.